ஒரே வரியில் ஒன்பது நெடுவரிசை: போர்த் தண்ணீர்க் கணக்கை ஆர் மொழியில் போடும் வழி

தருமபுரிப் பக்கம் குடிதண்ணீர் என்று பேச்செடுத்தால் "போர்த் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா?" என்ற கேள்வி கூடவே வரும். பாறைக்கு அடியிலிருந்து ஆழ்துளைக் கிணறு வழியாக வரும் போர்த் தண்ணீரில் புளோரைடு கரைந்திருப்பது இங்கேயும் கிருஷ்ணகிரியிலும் பழைய தொல்லை. பல்லில் காவி ஏறிய பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகும் போரை யாரும் மூடிவிடவில்லை. குழாயில் வராத நாளில் கை அங்கேதான் போகிறது.

அதனால் இந்த ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்றால் தண்ணீர்ப் பரிசோதனையைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் பாட்டிலில் பிடித்து, ஆய்வகத்தில் அளந்து, எக்செல் தாளில் ஏற்றிவிடுவார்கள். அதுவரை அருமையாகப் போகும். அடுத்து, "ஒவ்வொரு அளவுக்கும் சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் எல்லாம் போட்டுக் கொண்டு வா" என்று வழிகாட்டி ஆசிரியர் சொன்னதும் என்னிடம் வந்து நிற்பார்கள். இடைநிலை என்றால் எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. திட்டவிலக்கம் என்றால் எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. அப்படி வருகிறவர்களுக்கு நான் உட்கார்ந்து சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்பின் நிரல் எழுதாதவர்களும் தொடரலாம்.

நான் சொல்லப்போவது ஆர் என்கிற நிரல் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் புள்ளியியல் கற்பிப்பதற்காக உருவாக்கியது. இலவசம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஆரை முதலில் நிறுவுங்கள், அப்புறம் அதில் எழுதி ஓட்டுவதற்கான ஆர்ஸ்டூடியோவை நிறுவுங்கள். பிறகு டைடிவர்ஸ் என்ற பேக்கேஜ் (கூடுதல் கட்டளைகள்) தொகுப்பை ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும்.

ஒரு விஷயம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாகவே அடிக்க வேண்டும். ட்ரூ என்பதை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் அடியுங்கள்; கட்டளைக்குள் வரும் என்ஏ சின்ன எழுத்துதான். வேறு எங்காவது பெரிய எழுத்து வந்தால் அங்கேயே சொல்வேன். தண்ணீர், அளவு, மதிப்பு போன்றவை கட்டளை அல்ல, நாம் வைக்கும் பெயர்கள்; அவற்றை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடியுங்கள். புள்ளி, அடிக்கோடு, அடைப்புக்குறி எல்லாம் நான் போட்ட இடத்திலேயே இருக்கட்டும்.

கையில் இருக்கும் தாள்

உதாரணத்துக்கு ஒரு தாளை வைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்தில் 7 தாலுகா: தருமபுரி, நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. தாலுகாவுக்கு 6 ஊர், ஒவ்வொரு ஊரிலும் மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. ஆக 7 × 6 × 2 = 84 வரி. நெடுவரிசைகள் 13: ஊர், தாலுகா, பருவம், பின்கோடு, பிஎச், டிடிஎஸ் (கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு), கடினம், குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட், கால்சியம், மெக்னீசியம், புளோரைடு. முதல் நான்கும் அடையாளம். பின்னால் உள்ள ஒன்பதும் அளவு. இந்தப் பிரிவினையை மனதில் வையுங்கள், பின்னால் நிறைய உதவும். தாளும் அதில் வரும் எண்களும் பாடத்துக்காக நானே எழுதிக்கொண்டவை.

தலைப்பு ஒரே ஒரு வரியில் இருக்க வேண்டும். தலைப்புக்கு மேலே கல்லூரிப் பெயர், ஆண்டு, ஆய்வாளர் பெயர் என்றெல்லாம் எழுதி, செல்களை இணைத்து நடுவில் கொண்டுவந்து அழகு பார்த்திருப்பார்கள். அதை எல்லாம் எடுத்துவிடுங்கள். "லிட்டருக்கு மி.கி." என்பதைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினால் அது எண்ணாக இருக்காது. பிறகு சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எளிய கோப்பு) வடிவில் சேமித்து, ஆரில் இப்படித் திறக்கலாம்:

லைப்ரரி(டைடிவர்ஸ்)
தண்ணீர் <- ரீட்_சிஎஸ்வி("தண்ணீர்.சிஎஸ்வி")
கிளிம்ப்ஸ்(தண்ணீர்)

மூன்றாவது வரிதான் முக்கியம். ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணாக வந்திருக்கிறதா எழுத்தாக வந்திருக்கிறதா என்று அது காட்டும். புளோரைடுக்குப் பக்கத்தில் எழுத்து என்று இருந்தால், அந்த 84 கட்டத்தில் எங்கோ ஒன்றில் எண் அல்லாத எதையோ யாரோ எழுதியிருக்கிறார்கள். ஒரு கோடு இருக்கலாம், "இல்லை" என்று இருக்கலாம், ஆய்வகத்தார் போடும் பிடிஎல் (கருவி பிடிக்கும் அளவுக்கும் கீழே) ஆகவும் இருக்கலாம். ஒரே ஒரு கட்டம் போதும், மொத்த நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். எழுத்துக்குச் சராசரி கேட்டால் ஆர் ஒரு எச்சரிக்கையோடு என்ஏ, அதாவது மதிப்பு இல்லை, என்று பதில் தரும்.

விடுபட்டதும் பூச்சியமும்

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன். மற்ற எந்தத் தவறையும்விட இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். நானும் விழுந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு அமைப்புக்காக இப்படி ஒரு தாளைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் சராசரி புளோரைடு வரம்புக்குள் இருப்பதாக வந்தது. அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டேன். அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க பசங்க பல்லைப் பார்த்துட்டு அப்புறம் இதை எழுதுங்க மேடம்" என்றார். திரும்பி வந்து மூலத் தாளைத் திறந்தேன். பாட்டில் உடைந்ததாலோ ரசாயனம் தீர்ந்ததாலோ அளக்காமல் விட்ட மாதிரிகளுக்கு எல்லாம் தாளை நிரப்பியவர் 0 போட்டிருந்தார். கட்டத்தை வெறுமையாக விட அவருக்கு மனம் வரவில்லை. நானும் குறைந்தபட்ச மதிப்பு என்ன என்று ஒரு தடவைகூடப் பார்க்காமல் சராசரியை மட்டும் எடுத்திருந்தேன். அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்தினேன். அந்த ஆசிரியை கேட்காமல் இருந்திருந்தால் அது அப்படியே பஞ்சாயத்துக்குப் போயிருக்கும்.

எண்ணிலேயே பார்ப்போம். எட்டு மாதிரியில் புளோரைடு இப்படி வருகிறது: 0.6, 0.8, 0.9, 1.1, 1.2, 1.4, 1.7, 4.3. கூட்டினால் 12. எட்டால் வகுத்தால் சராசரி 1.5. நடுவில் இருப்பவை 1.1-உம் 1.2-உம், ஆக இடைநிலை 1.15. இப்போது அளக்காத இரண்டு மாதிரிக்கு 0 போட்டுச் சேர்த்துவிடுகிறோம். கூட்டுத்தொகை அதே 12, வகுப்பது மட்டும் பத்தால். சராசரி 1.2-க்கு இறங்கிவிட்டது, இடைநிலை 1.0-க்கு வந்துவிட்டது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 புளோரைடுக்கு ஏற்கத்தக்க வரம்பு 1.0 என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்றும் சொல்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மாறவில்லை, ஆனால் தாளில் அந்த ஊர் நல்ல தண்ணீர் ஊராகிவிட்டது.

விடுபட்டதற்கு 999 போடுகிறவர்களும் உண்டு. அதுகூடப் பரவாயில்லை, சராசரி நூறைத் தாண்டிப் போவதால் உடனே கண்ணில் படும். பூச்சியம்தான் சத்தமில்லாமல் வேலையைக் கெடுக்கும்.

ஆகவே அளக்காத இடம் வெறுமையாக இருக்கட்டும். வெறும் கட்டத்தை ஆர் தானாகவே என்ஏ என்று எடுத்துக்கொள்ளும். கோடு, "இல்லை" போன்றவற்றையும் திறக்கும்போதே சொல்லிவிடலாம்:

தண்ணீர் <- ரீட்_சிஎஸ்வி("தண்ணீர்.சிஎஸ்வி", என்ஏ = சி("", "-", "இல்லை"))

பிடிஎல் விஷயம் வேறு. அளந்தார்கள், ஆனால் கருவி பிடிக்கக்கூடிய அளவுக்கும் கீழே இருந்தது என்பது அதன் பொருள். அதை விடுபட்டதாக எடுத்தால் குறைந்த மதிப்புகள் எல்லாம் கணக்கை விட்டு வெளியேறிச் சராசரி ஏறிவிடும். பூச்சியமாக எடுத்தால் இறங்கிவிடும். கருவியின் வரம்பில் பாதியைப் போடுவது பலர் பின்பற்றும் வழக்கம். அதிலும் குறை உண்டு என்றாலும், புராஜெக்ட் அளவுக்கு அதைச் செய்துவிட்டு, எத்தனை மாதிரிக்கு அப்படிச் செய்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். பாதிக்கும் குறைவான மாதிரிகளே பிடிஎல் என்றால், எந்தச் சின்ன எண்ணைப் போட்டாலும் இடைநிலை அசையாது. அந்த மாதிரி நெடுவரிசைக்கு இடைநிலையையே முன்னால் வையுங்கள்.

விடுபட்டது எந்த நெடுவரிசையில் எத்தனை என்று ஒரே வரியில் பார்க்கலாம்:

கோல்சம்ஸ்(ஈஸ்.என்ஏ(தண்ணீர்))

இதில் பெரிய எழுத்து ஒன்று வரும். கோல்சம்ஸ் என்பதில் "சம்ஸ்" தொடங்கும் எழுத்து அது.

முதல் பார்வை

சரி, தாள் சுத்தம். இப்போது ஒரே சொல்லில் எல்லா நெடுவரிசைக்கும் சுருக்கம் பார்க்கலாம்:

சம்மரி(தண்ணீர்)

குறைந்தபட்சம், முதல் கால்மானம் (கால் பங்கு மதிப்புகள் இதற்குக் கீழே), இடைநிலை, சராசரி, மூன்றாம் கால்மானம், அதிகபட்சம், விடுபட்டவை எத்தனை, எல்லாம் நெடுவரிசை வாரியாக வந்து விழும். இதை அறிக்கையில் ஒட்ட முடியாது, திட்டவிலக்கமும் இருக்காது. உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் இது. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் முதலில் படியுங்கள். பிஎச் 72 என்று இருந்தால் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. டிடிஎஸ் 8 என்று இருந்தால் யாரோ பிஎச்சை இங்கே எழுதியிருக்கிறார்கள். புளோரைடு 0 என்றால், என் கதை உங்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்றையும் பாருங்கள். பின்கோடுக்கும் சராசரி வந்திருக்கும். தருமபுரி 636701, கிருஷ்ணகிரி 635001, இரண்டுக்கும் சராசரி 635851. அப்படி ஒரு எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. எண் வடிவில் எழுதியிருப்பதெல்லாம் அளவு ஆகிவிடாது. ஊர்க் குறியீடு, வார்டு எண், போர் எண் எல்லாம் பெயர்கள்தான், எண்ணாக எழுதியிருக்கிறோம், அவ்வளவே.

ஒன்பது தடவை எழுதாமல்

சென்ற மாதம் வந்த மாணவி ஒருத்தியின் திரையில் இப்படி இருந்தது: மீன்(தண்ணீர்$பிஎச்), அடுத்த வரியில் மீன்(தண்ணீர்$டிடிஎஸ்), அதற்கடுத்து கடினம். ஒரு வரியை எழுதி, நகலெடுத்து, ஒட்டி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போயிருந்தாள். "அக்கா, நைட்ரேட்டுக்கும் சல்ஃபேட்டுக்கும் ஒரே சராசரி வருது, அப்படி வருமா?" என்று கேட்டாள். இரண்டாவது புள்ளிவரைக்கும் ஒன்றாக வராது. ஆறாவது வரியில் பெயரை மாற்ற மறந்திருந்தாள். ஒன்பது நெடுவரிசைக்கு ஐந்து சுருக்க அளவு என்றால் 45 வரி. 45 தடவை கை மாற்றி எழுதும்போது எங்காவது ஒன்று தவறத்தான் செய்யும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் அந்த வேலையைக் கணினியிடம் தர வேண்டும்.

சராசரி மட்டும் போதும் என்றால் ஆரிலேயே ஒரு குறுக்குவழி உண்டு:

கோல்மீன்ஸ்(தண்ணீர்[, 5:13], என்ஏ.ஆர்எம் = ட்ரூ)

5 முதல் 13 வரை உள்ள நெடுவரிசைகளை எடு, விடுபட்டதை ஒதுக்கு, சராசரி போடு. இங்கேயும் "மீன்ஸ்" பெரிய எழுத்தில் தொடங்கும். என்ஏ.ஆர்எம் என்பதை விட்டுவிட்டால் ஒரே ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும் விடை என்ஏ என்றுதான் வரும். தொந்தரவாகத் தோன்றும், ஆனால் இது நல்ல குணம். "இங்கே ஒன்று குறைகிறது, என்ன செய்யட்டும்?" என்று ஆர் நம்மைக் கேட்கிறது. பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியின் பாண்டாஸ் பேக்கேஜ் கேட்காமலேயே ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டுவிடும். எக்செல்லும் வெறும் கட்டத்தை ஒதுக்கும், பூச்சியத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

வேறு அளவுகள் வேண்டுமென்றால் டைடிவர்ஸில் உள்ள டிப்ளையர் பேக்கேஜின் அக்ராஸ். 2020-இல் வெளிவந்த 1.0.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. "இந்த நெடுவரிசைகள் முழுக்க, இந்தக் கணக்கைப் போடு" என்பதுதான் அதன் அர்த்தம்:

தண்ணீர் |>
  சம்மரைஸ்(அக்ராஸ்(பிஎச்:புளோரைடு, ஃபங்ஷன்(எக்ஸ்) மீடியன்(எக்ஸ், என்ஏ.ஆர்எம் = ட்ரூ)))

நடுவில் கோடும் அம்புமாக இருப்பதை "எடுத்துக்கொண்டு, அப்புறம்" என்று படியுங்கள். தண்ணீர்த் தாளை எடுத்துக்கொண்டு, அப்புறம் சுருக்கு. பிஎச் தொடங்கி புளோரைடு வரை என்பதற்கு நடுவில் ஒரு முக்காற்புள்ளி. எக்ஸ் என்பது அந்தந்த நேரத்தில் கையில் இருக்கும் நெடுவரிசை. ஒன்பது தடவை அது மாறும், நீங்கள் எழுதுவது ஒரு தடவைதான்.

பெயரால் சொல்வதற்குப் பதில் வேர்(ஈஸ்.நியூமரிக்) என்று போட்டால் எண்ணாக உள்ள எல்லா நெடுவரிசையையும் அதுவே பிடித்துக்கொள்ளும் என்று பல பாடங்களில் சொல்லித்தருவார்கள். நெடுவரிசைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது வரம். ஆனால் பின்கோடும் அதில் சேர்ந்து வரும். திறந்த கையோடு பின்கோடு, குறியீடு எல்லாவற்றையும் ஆஸ்.கேரக்டர் போட்டு எழுத்தாக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. முதல் தடவை செய்கிறவர்கள் பெயரால் சொல்வதே நல்லது என்பேன். எதைக் கணக்குப் போடுகிறோம் என்பது அந்த வரியிலேயே எழுதி இருக்கும்.

அப்ளை என்றொரு பழைய ஃபங்ஷன் இருக்கிறது, இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படும். அது தாளை முதலில் அணியாக (மேட்ரிக்ஸாக) மாற்றும். ஊர்ப் பெயர் போன்ற எழுத்து நெடுவரிசை ஒன்று உள்ளே இருந்தால்கூட எல்லா எண்ணும் எழுத்தாகிவிடும். எண் நெடுவரிசைகளை மட்டும் பிரித்துக் கொடுக்கத் தெரியும்வரை அதைத் தொடாதீர்கள்.

நீட்டிவிட்டுச் சுருக்குங்கள்

அக்ராஸுக்குள் ஐந்து கணக்கை ஒரே நேரத்தில் கொடுக்கலாம். கொடுத்தால் என்ன வரும்? ஒரே ஒரு வரி, 45 நெடுவரிசை. பிஎச்_சராசரி, பிஎச்_இடைநிலை என்று வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அதை அறிக்கை அட்டவணையாக மாற்ற இன்னொரு பாடம் படிக்க வேண்டும். அதைவிட எளிதான வழி, தாளை முதலில் நீட்டிவிடுவது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லித்தருகிறேன்.

நீட்டுவது என்றால், அகலமாக ஒன்பது நெடுவரிசையில் பரவிக் கிடக்கும் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. எந்த அளவு என்பது ஒரு நெடுவரிசை, அதன் மதிப்பு இன்னொரு நெடுவரிசை:

நீளம் <- தண்ணீர் |>
  பிவட்_லாங்கர்(பிஎச்:புளோரைடு, நேம்ஸ்_டு = "அளவு", வேல்யூஸ்_டு = "மதிப்பு")

84 வரி இருந்த தாள் இப்போது 84 × 9 = 756 வரி ஆகிவிட்டது. என்ரோ(நீளம்) என்று கேட்டுச் சரிபாருங்கள். இனி எல்லாம் ஒரு நெடுவரிசைக் கணக்குதான்:

சுருக்கம் <- நீளம் |>
  க்ரூப்_பை(அளவு) |>
  சம்மரைஸ்(
    மாதிரி = சம்(!ஈஸ்.என்ஏ(மதிப்பு)),
    விடுபட்டது = சம்(ஈஸ்.என்ஏ(மதிப்பு)),
    சராசரி = மீன்(மதிப்பு, என்ஏ.ஆர்எம் = ட்ரூ),
    விலக்கம் = எஸ்டி(மதிப்பு, என்ஏ.ஆர்எம் = ட்ரூ),
    இடைநிலை = மீடியன்(மதிப்பு, என்ஏ.ஆர்எம் = ட்ரூ),
    குறைந்தது = மின்(மதிப்பு, என்ஏ.ஆர்எம் = ட்ரூ),
    கூடியது = மேக்ஸ்(மதிப்பு, என்ஏ.ஆர்எம் = ட்ரூ)
  )

ஒன்பது வரி, ஒவ்வொன்றுக்கும் ஏழு எண். அறிக்கையில் அப்படியே வைக்கக்கூடிய அட்டவணை. மாதிரி எத்தனை, விடுபட்டது எத்தனை என்ற இரண்டையும் நான் வேண்டுமென்றே முதலில் வைத்திருக்கிறேன். இவை இல்லாத சராசரியை நான் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. 84 மாதிரியில் வந்த 1.4-உம் 9 மாதிரியில் வந்த 1.4-உம் ஒன்றல்ல.

இங்கே ஒரு வலை இருக்கிறது. புது நெடுவரிசைக்கு மதிப்பு என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். மதிப்பு = மீன்(மதிப்பு) என்று எழுதிவிட்டால், அதற்குக் கீழே வரும் எஸ்டி(மதிப்பு) பழைய நெடுவரிசையைப் பார்க்காது, இப்போது வந்த அந்த ஒற்றைச் சராசரியைத்தான் பார்க்கும். ஒற்றை எண்ணுக்குத் திட்டவிலக்கம் கிடையாது, என்ஏ வரும். எங்கே தவறு என்று அரைநாள் தேடவைக்கும்.

மேலே சொன்ன எட்டு மாதிரிகளுக்கு எஸ்டி போட்டால் 1.18 வரும். கையால் சரிபாருங்கள்: விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 9.8, அதை 7-ஆல் வகுத்தால் 1.4, வர்க்கமூலம் 1.18. எட்டு மாதிரிக்கு ஏன் 7 என்றால், ஆர் எப்போதும் ஒன்று குறைத்தே வகுக்கும். பாண்டாஸும் அப்படித்தான். பைத்தானின் நம்பை மட்டும் சொல்லாமல் விட்டால் முழு எண்ணிக்கையால் வகுக்கும். இரண்டு தோழிகள் ஒரே தாளை வைத்து வேறு வேறு விடை கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த எட்டில் சராசரி 1.5, இடைநிலை 1.15 என்று இடைவெளி ஏன்? 4.3 என்ற ஒற்றை மாதிரிதான் காரணம். அதைப் பிழை என்று நீக்கிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். எங்கள் பக்கம் ஒரே ஊரில் கோவில் போருக்கும் பள்ளிக்கூடப் போருக்கும் தண்ணீர் வேறாக இருக்கும். ஆய்வகக் குறிப்பைப் பாருங்கள், முடிந்தால் அந்தப் போரில் மறுபடி பிடியுங்கள். பிழை என்று உறுதியானால் மட்டும் எடுங்கள். அது உண்மை என்றால், மொத்தத் தாளிலும் ஊருக்குச் சொல்ல வேண்டிய முதல் எண் அதுதான்.

பிஎச்சுக்கு மட்டும் சராசரியை விட்டுவிட்டு இடைநிலையை எழுதுங்கள். அது மடக்கை அளவு. 6-க்கும் 8-க்கும் நடுவில் 7 என்று சாதாரண எண் போல் கூட்டி வகுப்பது வேதியியலில் நிற்காது.

தாலுகா வாரியாக

நீட்டிய தாளின் அருமை இப்போது தெரியும். மேலே உள்ளதில் ஒரே ஒரு இடத்தை மாற்றினால் போதும்: க்ரூப்_பை(தாலுகா, பருவம், அளவு). 7 தாலுகா, 2 பருவம், 9 அளவு, ஆக 126 வரி.

126-க்குக் கூடுதலாக வந்தால் பெயர்களில் கோளாறு. பாலக்கோடு ஒரு இடத்தில், பாலகோடு இன்னொரு இடத்தில் என்று இருந்தால் ஆருக்கு அவை இரண்டு தாலுகா. ரீட்_சிஎஸ்வி அல்லாமல் வேறு வழியில் திறந்த தாளில், பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருந்தாலும் அப்படித்தான். கவுண்ட்(தண்ணீர், தாலுகா) என்று முன்னதாகவே ஒரு தடவை கேளுங்கள். ஏழு பெயர், ஒவ்வொன்றுக்கும் 12 என்று வர வேண்டும். இடைவெளிக்கு எஸ்டிஆர்_ட்ரிம், எழுத்துப் பிழைக்கு மூலத் தாளிலேயே திருத்தம்.

குழு சிறுத்தால் இன்னும் சில விநோதங்கள் வரும். ஒரு குழுவில் ஒரே மாதிரி இருந்தால் திட்டவிலக்கம் என்ஏ. ஒரு மாதிரியும் இல்லாமல் எல்லாம் விடுபட்டிருந்தால் சராசரி என்ஏஎன் என்றும், குறைந்தது முடிவிலி என்றும், கூடியது கழித்தல் முடிவிலி என்றும் வரும். பயப்பட வேண்டாம். அந்த வரியில் மாதிரி 0 என்று முன்னால் நிற்கும், அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

வரம்பைத் தாண்டியவை

ஊரில் யாரும் "திட்டவிலக்கம் எவ்வளவு?" என்று கேட்க மாட்டார்கள். "எத்தனை போர் கெட்டது?" என்றுதான் கேட்பார்கள். அதற்கும் இதே தாளிலிருந்து விடை எடுக்கலாம். ஆருக்கு உண்மை என்றால் 1, பொய் என்றால் 0. அதனால் ஒரு கேள்விக்கே சராசரி போடலாம். மீன்(புளோரைடு > 1.5) என்றால் 1.5-ஐத் தாண்டிய மாதிரிகளின் பங்கு. நம் எட்டில் 1.7, 4.3 இரண்டும் தாண்டியவை, விடை 0.25. எத்தனை என்ற எண்ணிக்கை வேண்டுமென்றால் மீன் இருக்கும் இடத்தில் சம் போடுங்கள்.

எல்லா அளவுக்கும் ஒரே அடியில் செய்ய, வரம்புகளைத் தனியாக ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நெடுவரிசை: அளவு, கீழ், மேல். வேறு தண்ணீர் இல்லாத இடத்துக்கு ஐஎஸ் 10500 தரும் உச்சவரம்புகள், லிட்டருக்கு மில்லிகிராமில், இவை: டிடிஎஸ் 2000, கடினம் 600, குளோரைடு 1000, நைட்ரேட் 45, சல்ஃபேட் 400, கால்சியம் 200, மெக்னீசியம் 100, புளோரைடு 1.5. இவற்றுக்குக் கீழ் என்ற இடத்தில் 0 போடுங்கள். பிஎச்சுக்கு மட்டும் இரண்டு பக்கமும் எல்லை: 6.5, 8.5. அந்தத் தாளையும் ரீட்_சிஎஸ்வி போட்டுத் திறந்து வரம்பு என்று பெயர் வையுங்கள். அப்புறம் இரண்டு தாளையும் கோர்க்க வேண்டும்:

நீளம் |>
  லெஃப்ட்_ஜாய்ன்(வரம்பு, பை = "அளவு") |>
  க்ரூப்_பை(தாலுகா, அளவு) |>
  சம்மரைஸ்(
    மாதிரி = சம்(!ஈஸ்.என்ஏ(மதிப்பு)),
    தாண்டியது = சம்(மதிப்பு < கீழ் | மதிப்பு > மேல், என்ஏ.ஆர்எம் = ட்ரூ),
    .க்ரூப்ஸ் = "ட்ராப்"
  )

இரண்டு தாளிலும் அளவின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் புளோரைடு, இன்னொன்றில் ஃபுளோரைடு என்றால் கோர்க்காது. வரம்பு என்ஏ ஆகிவிடும், தாண்டியது 0 என்று வரும். மறுபடியும் அதே பொய்யான பூச்சியம். லெஃப்ட்_ஜாய்ன் முடிந்ததும் மேல் நெடுவரிசையில் என்ஏ எத்தனை என்று ஒரு தடவை பாருங்கள், ஒன்றும் இருக்கக்கூடாது.

விடையைச் சதவீதமாக எழுத ஆசை வரும். தாலுகாவையும் பருவத்தையும் சேர்த்துப் பிரித்தால் குழுவுக்கு ஆறே மாதிரிதான். அதில் இரண்டு தாண்டினால் 33.3 சதவீதம். அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள 3 ஏதோ பெரிய ஆய்வு நடந்தது போலக் காட்டும். "6-இல் 2" என்று எழுதுங்கள், படிக்கிறவர்களுக்கு நேராகப் புரியும்.

ஸ்கிம்ஆர், சைக் போன்ற பேக்கேஜ்கள் ஒரே சொல்லில் இந்தச் சுருக்கங்களில் பலவற்றைத் தந்துவிடும். அவசரத்துக்கு நானும் ஸ்கிம் போட்டுப் பார்ப்பேன். ஆனால் வரம்புக் கணக்கும் தாலுகா அட்டவணையும் நீங்கள் நினைத்த வடிவில் வர வேண்டுமென்றால் மேலே உள்ள வழியைக் கையில் பழகுங்கள். அடுத்த வருடம் அரூர்ப் பக்கம் நிலக்கடலை விளைச்சலோ கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக் கணக்கோ எடுத்தாலும் நெடுவரிசைப் பெயர்களை மாற்றினால் போதும், வரிகள் அப்படியேதான் இருக்கும்.

கடைசி வேலை, அட்டவணையைச் சேமிப்பது. தமிழ்த் தலைப்போடு ரைட்_சிஎஸ்வி போட்டு எக்செல்லில் திறந்தால் பல கணினிகளில் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்குப் பதில் இதைப் போடுங்கள்:

ரைட்_எக்செல்_சிஎஸ்வி(சுருக்கம், "சுருக்கம்.சிஎஸ்வி")

இது கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 என்ற அடையாளத்தையும் சேர்த்து எழுதும். பஞ்சாயத்து அலுவலகக் கணினியில் திறந்தாலும் புளோரைடு புளோரைடாகவே தெரியும். மூலத் தாளை மாற்றாமல் தனியாக வைத்திருங்கள். நிரல் கோப்பையும் கூடவே அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள், "இந்த எண் எப்படி வந்தது?" என்று யாராவது கேட்டால் திறந்து காட்டலாம்.